வரி முடிக்கத் தெரியாத கெட்டில்

...இல்லை, அசந்து தூங்கிப்போயிருப்பார், அவ்வளவுதான், எழுபது தாண்டி எத்தனையோ வருஷமான மனிதர் ஒருநாள் வெயில் ஏறும்வரை படுத்திருக்கக் கூடாதா என்ன, அல்லது தீவில் மின்சாரம் போயிருக்கும், நேற்று அந்தப் பக்கம் பலத்த காற்று என்று செய்தியில் சொன்னார்களே, சொன்னார்களா, அது ட்சுஷிமாவுக்கா ஹிராடோவுக்கா... மிசுஹோ உடான் நூடுல்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள், ஒரு வாய் உறிஞ்சினாள், மறுபடி நிமிர்த்திப் பார்த்தாள். வங்கியிலிருந்து ஒரு மெயில், செருப்புக்கடையிலிருந்து ஒரு மெயில், கெட்டிலிடமிருந்து ஒன்றுமில்லை. தினமும் காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்துவிடும் அது, ஒரே ஒரு வரி, 'வெந்நீர் எடுக்கப்பட்டது', அதற்கு மேல் எழுத அதற்குத் தெரியாது, எழுதவும் வேண்டாம். ஹிராடோ தீவில் மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டில் குரோஸே இவாவோ என்கிற மனிதர் எழுந்து, சமையலறைக்கு நடந்து வந்து, வெந்நீர் பிடிக்கக் கெட்டிலின் தலையை அமுக்கியிருக்கிறார், கை இருக்கிறது, கால் இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று அந்த ஒரு வரிக்குள் எல்லாம் அடங்கிவிடும். இன்று அது வரவில்லை. அவள் யார் அவருக்கு, அவர் மகனின் பழைய மனைவி, பழைய மனைவி என்பது ஒரு உறவா, நகராட்சி அலுவலகத்தில் கேட்டால் அப்படி ஒரு கட்டமே இல்லை என்பார்கள், ஆனாலும் கைபேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறாளே, அதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது.

எதிரே ஓகுசோனோ-சான் கோபோ வேர் பஜ்ஜியைக் குழம்பில் முக்கி ஊறவைத்துக்கொண்டிருந்தார், அவருக்கு மொறுமொறுவென்று இருந்தால் பிடிக்காது, பல் காரணம் என்று சொல்லிக்கொள்வார். இருபது வருஷத்துக்குப் பக்கமாக ஒரே அறையில், இந்த உடான் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், இருவரும் சேர்ந்துதான் அந்த மெயில் சர்வர் மென்பொருளை வளர்த்திருக்கிறார்கள். கியூஷூவில் பாதிப் பள்ளிக்கூடங்களுக்கும் சின்னச் சின்ன நகராட்சிகளுக்கும் மெயில் வாங்கிக் கொடுப்பதும் அனுப்பிக் கொடுப்பதும் அதுதான், ஹகாட்டாவில் பலருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருப்பதே தெரியாது, தெரியாமல் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். "என்ன மாகினோ-சான், உடானை முறைச்சுக்கிட்டே இருக்கீங்க, அது ஒண்ணும் தப்பு பண்ணலையே" என்றார். ஒன்றுமில்லை என்றாள். "சாயங்காலம் முத்திரை குத்தணும், ஞாபகம் இருக்கில்ல? நீங்க குத்தினாதான் நான் குத்துவேன். மொதல்ல நான் குத்திட்டா அப்புறம் நீங்க ஒரு தப்பு கண்டுபிடிச்சு என் மானத்தை வாங்குவீங்க." வாங்குவாள்தான், வாங்கியிருக்கிறாள், புதிய பதிப்பு வெளியே போவதற்கு இரண்டு பேர் முத்திரை வேண்டும் என்பது நிறுவனத்து வழக்கம், அதில் முதல் முத்திரை அவளுடையது, ஏனென்றால் அவள்தான் இங்கே விதி பார்க்கிறவள், 'சுங்கச்சாவடி' என்று அவளுக்குப் பின்னால் பெயர், பின்னால் என்ன, முகத்துக்கு நேராகவே சொல்வார் இந்த மனிதர்.

இந்தப் பதிப்பும் அவள் பிடிவாதத்தால் வந்ததுதானே. மெயிலுக்கு விதி உண்டு, உலகத்தில் எந்த சர்வரும் எந்த சர்வரோடும் எப்படிப் பேச வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைத்த விதி, முதலில் நீ யார் என்று சொல், பிறகு யாரிடமிருந்து என்று சொல், யாருக்கு என்று சொல், அதன்பிறகுதான் கடிதம், பேசி முடித்ததும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ, மனிதர்களுக்கே இவ்வளவு மரியாதை தெரியாது. கடிதத்தின் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறி இருக்க வேண்டும், தட்டச்சுப் பொறி காலத்து மிச்சம் அது, உருளையை இந்தப் பக்கம் தள்ளு என்று ஒன்று, தாளை ஒரு வரி சுருட்டு என்று இன்னொன்று, இரண்டும் சேர்ந்தால்தான் வரி முடிந்ததாகக் கணக்கு. ஆனால் உலகத்தில் பாதிச் சோம்பேறிகள் ஒரு குறியை மட்டும் போட்டு அனுப்பினார்கள், பாவம் போகட்டும் என்று எல்லா சர்வரும் வாங்கிக்கொண்டது, இவர்களுடையதும் வாங்கிக்கொண்டது, வாங்கும் இடத்தில் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் முதலில் இறங்கியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், திருடர்களை நினைத்துப் பார்க்காத மனிதர்கள். ஒரு சர்வர் கடிதம் முடிந்தது என்று நினைக்க, இன்னொரு சர்வர் இன்னும் முடியவில்லை என்று நினைக்க, அந்த இடுக்கில் எவனோ நகரத்தலைவர் பெயரில் ஒரு பொய்க் கடிதத்தைச் செருகி அனுப்பலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வேண்டும், குறி இரண்டும் இல்லாத வரியோடு யார் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும், விதிவிலக்கு கிடையாது என்று அவள்தான் நின்றாள்.

யாரெல்லாம் வந்து கெஞ்சினார்கள், அப்பப்பா. ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய நகல் இயந்திரம், ஒரு துறைமுகத்து ஐஸ் ஆலை, ஐஸ் உறைந்ததும் படகுக்காரர்களுக்கு மெயில் போடுகிற இயந்திரமாம், அதற்கும் வரி முடிக்கத் தெரியாது. ஆலைக்காரர் தொலைபேசியில் மூக்கால் அழாத குறை. "அம்மா, அது என் அப்பா காலத்து மெஷின்மா, நல்ல மெஷின், யாருக்கும் கெடுதல் நினைக்காது" என்றார், மெஷினுக்கு நன்னடத்தைச் சான்றிதழ். அவள் மசியவில்லை, உங்களுக்கு ஒரு ஓட்டை வைத்தால் அந்த ஓட்டை உங்களுக்கு மட்டும் என்று திருடனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள், கேட்டுவிட்டு நடுவில் வைத்துத் திருத்தித் தருகிற ஒரு சின்னப் பெட்டியை எப்படி வாங்குவது என்று அரைமணி நேரம் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தாள், அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. நேற்று சாயங்காலம் நிறுவனத்தின் சொந்த சர்வரில் புதிய பதிப்பைப் போட்டு, அந்தக் கறார் விதியை இயக்கிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். நேற்று சாயங்காலம்... கறாரை இயக்கிவிட்டு... இன்று காலையில்...

சாப்ஸ்டிக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "எங்க?" என்றார் ஓகுசோனோ-சான், இதோ என்றாள், மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது, கெட்டிலின் மெயிலும் அதே சர்வருக்குத்தானே வருகிறது, தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊர் உலகத்து வரி முடிவையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், இத்தனை வருஷமாகத் தினமும் வருகிற அந்த ஒரு வரியின் முடிவை மட்டும் பார்க்கவில்லையே, பார்க்கத் தோன்றவில்லையே, வருகிறதா இல்லையா என்று பார்த்தாளே தவிர எப்படி வருகிறது என்று பார்த்தாளா. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பதிவைத் திறந்து தேடினாள், விளம்பரக் குப்பைகளுக்கு நடுவே, யாரோ ஒரு பல் வைத்தியரின் முன்பதிவு இயந்திரத்துக்குக் கீழே, இருந்தது. கெட்டில் வந்திருக்கிறது. வழக்கமான நேரத்துக்கு வந்து, தான் யார் என்று சொல்லி, யாருக்கு என்று சொல்லி, ஒரு வரி எழுதி, ஒரே ஒரு குறியோடு நின்று... 'வரி முடிவு சரியில்லை, ஏற்க முடியாது' என்று அவள் எழுதிய வாசகத்தாலேயே விரட்டப்பட்டிருக்கிறது. இருக்கிறார். எழுந்து, நடந்து, அமுக்கியிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, நல்லவேளை அறையில் யாரும் இல்லை.

எப்போது வாங்கியது அந்தக் கெட்டில், மாமியார் போன அந்த மாரிக்காலத்தில். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது கிழவர் தனியாக அந்தப் பெரிய வீட்டில் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு, ஹகாட்டா வந்ததும் முதல் வேலையாக வாங்கி அனுப்பினாள், வெந்நீர் எடுக்கும்போதெல்லாம் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லும் கெட்டில். யாருடைய முகவரியைக் கொடுப்பது என்று வந்தபோது கணவன் தலைநிமிராமல், உன்னுடையதையே கொடு, நான் எங்கே பார்க்கப்போகிறேன் என்றான், உண்மையைச் சொல்வதில் அவனுக்குக் குறையே கிடையாது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே, தன்னை வேவு பார்ப்பதாக நினைத்துக்கொள்வார், வெறும் கெட்டில் என்று சொல் என்றான். வெறும் கெட்டில் என்றுதான் சொன்னாள். அப்புறம் அவர்கள் பிரிந்தார்கள், அதில் பெரிய கதை ஒன்றுமில்லை, சண்டைகூட இல்லை, சேர்ந்து இருப்பதில் இருவருக்குமே வேலை இல்லாமல் போயிற்று, அவன் நகோயாவில் இப்போது யாரோ ஒரு நல்ல பெண்ணோடு இருக்கிறான், இருக்கட்டும். அவள் குரோஸே மிசுஹோ என்பதிலிருந்து பழையபடி மாகினோ மிசுஹோ ஆனாள், புது முத்திரை செதுக்கிக்கொண்டாள், வீட்டுச் சாவியைக் கொடுத்தாள், எல்லாவற்றையும் கொடுத்தாள், இந்தக் கெட்டில் மட்டும் இரண்டு பக்கமும் யாரும் கேட்காமல் நின்றுவிட்டது. நிறுத்தவும் வழியில்லை, செய்த நிறுவனம் மூடியாகிவிட்டது, வாங்கினவர்கள் இருக்கிறவரை ஓடட்டும் என்று எங்கோ ஒரு சர்வரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், ஆளில்லாமல் ஓடுகிறது அது, முகவரியை மாற்றச் சொல்லவும் குறியைத் திருத்தச் சொல்லவும் யாருமில்லை. அலுவலகத்தில் 'குரோஸே' என்கிற அவளுடைய பழைய மெயில் பெட்டியை ஓகுசோனோ-சான் அழிக்காமல் வைத்திருக்கிறார், வருஷாவருஷம் பழைய பெட்டிகளைச் சுத்தம் செய்யும்போது இதைத் தாண்டிப் போய்விடுவார், ஏன் என்று அவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை, அந்தப் பெட்டிக்கு இந்த உலகத்தில் கடிதம் எழுதுவது ஒரு கெட்டில் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

ஆரம்பத்தில் எத்தனை வரும், காலையில் இரண்டு, பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர், அந்தப் பழக்கத்தில் விடியலுக்கு முன்பே எழுந்துவிடுவார், பிறகு பத்து மணி வாக்கில் ஒன்று, அது பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஷோகிச் சதுரங்கம் ஆடுகிற நேரம், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சில நாள் பத்து மணிக்கு இரண்டாக வரும், அன்று ஆட்டம் நீண்டிருக்கிறது, கிழவர் தோற்றுக்கொண்டிருக்கிறார், விட மனமில்லாமல் இன்னொரு கோப்பை ஊற்றுகிறார் என்று அவள் ரயிலில் நின்றுகொண்டே நினைத்துக்கொள்வாள். பேசாமலே ஒரு மனிதரோடு இப்படி வாழ முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். பேச்சில் அவர் என்றைக்குமே சூரர் இல்லை. பிரிவு முடிவானபின் விடைபெறத் தீவுக்குப் போனாளே, பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார், செய்தித்தாளில் சுற்றிய பறக்கும் மீன் கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தார், பேருந்து வந்து கதவு திறந்து அவள் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னலுக்குக் கீழே நின்று "கெட்டில் நல்லா வேலை செய்யுது" என்றார், அவ்வளவுதான், மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பும் இல்லை, போய்வா என்றுகூட இல்லை. அப்போது அவளுக்குக் கோபம்கூட வந்தது, ஏழு வருஷம் மருமகளாக இருந்தவளுக்குச் சொல்ல உங்களுக்குக் கிடைத்தது ஒரு கெட்டில்தானா என்று. கருவாட்டைக் குழம்புக்குப் போட்டுத் தீர்த்தபிறகுதான் கோபம் தீர்ந்தது.

ஆனால் இரண்டு வருஷமாக ஒன்றுதான் வருகிறது. காலையில் ஒன்றே ஒன்று, அப்புறம் நாள் முழுக்க மௌனம். முதலில் பயந்தாள், படுத்துவிட்டாரோ, ஷோகி நண்பர் போய்விட்டாரோ, யாராவது ஒரு பெண்மணி வந்து தேநீர் போட்டுக் கொடுக்கிறாளோ, அப்படியிருந்தால் நல்லதுதான், நல்லதா, ஏன் ஒரு மாதிரி இருக்கிறது... பிறகு அந்த ஒன்றுக்கே பழகிக்கொண்டாள். இப்போது அந்த ஒன்றும் வராது. ஓகுசோனோ-சான் பல்குத்தியோடு மேலே வந்தார், அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார், புரிந்துகொண்டார், வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "நம்ம சொந்த சர்வர்தானே" என்றார் வெளியே பார்த்துக்கொண்டே. "அந்த ஒரு கெட்டிலுக்கு மட்டும் சின்னதா ஒரு வழி விட்டு வைங்களேன். ஒரு வரிதான். நான் பாக்கல. நான் பாட்டுக்குப் புறா எண்ணிக்கிட்டிருக்கேன்." நல்ல மனிதர், இவரைப்போய் எத்தனை தரம் வைதிருக்கிறாள். ஒரு வரிதான், விரல் அந்த இடத்துக்குப் போகத்தான் போயிற்று. ஆனால் ஐஸ் ஆலைக்காரரின் குரல் கேட்கிறதே, அவருடைய அப்பா காலத்து மெஷினுக்கு மாட்டேன் என்றவள் தன்னுடைய... தன்னுடைய என்ன, அவர் தன்னுடைய யார்... கெட்டிலுக்கு மட்டும் திறப்பாளா, அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது, முகத்தையே பார்த்ததில்லை என்றாலும். "வேண்டாம்" என்றாள். "பின்ன அந்தச் சின்னப் பெட்டியை வாங்கி நடுவில வைக்கிறது?" "எங்க வைக்கிறது? அந்தப் பக்கம் ஆளே இல்ல. இந்தப் பக்கம் வைச்சா அது ஓட்டைக்கு இன்னொரு பேரு." "சுங்கச்சாவடி" என்றார் அவர், ஆனால் அன்பாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு, "அப்ப ஒரு ஃபோன் போடுங்க. மனுஷங்க அப்படித்தான் செய்வாங்க" என்றார்.

எண் மறக்கவில்லை, விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. படிக்கட்டு வளைவில், கீழேயிருந்து குழம்பு கொதிக்கும் வாசனை ஏறிவரும் இடத்தில் நின்றுகொண்டாள். என்னவென்று ஆரம்பிப்பது, இத்தனை வருஷமாக உங்களை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்றா, கேட்டால் எந்த மனிதருக்கும் முதுகில் ஊறாதா, யாருடைய அனுமதியோடு என்று கேட்டால் என்ன சொல்வாள், பிரிந்து போனவளுக்கு என்ன அக்கறை என்று கேட்டால், கேட்கமாட்டார், கேட்காமல் இருப்பாரே அதுதான் இன்னும் மோசம். என்னவென்று கூப்பிடுவது, முன்பு அப்பா என்று கூப்பிட்டாள், அங்கே மருமகள்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், இப்போது அப்பா என்றால் அத்துமீறல், குரோஸே-சான் என்றால் வரி கட்டச் சொல்லிக் கூப்பிடுகிறவள் மாதிரி இருக்கும். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்கமாட்டார், தோட்டத்தில் இருப்பார், எடுக்காமல் இருந்தால் நல்லது, எடுத்துவிட்டார். "ம், குரோஸே." அதே குரல், கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அவள் வாய் திறந்தாள், பெயர் வரவில்லை, எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல், "நான்தான்... இந்தக் கெட்டில் விஷயமா..." என்றாள். அந்தப் பக்கம் ஒரு காக்கை கத்தியது கேட்டது. "ஏன், இன்னிக்கு வரலையா?" என்றார். "காலைல அமுக்கினேனே."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா?" "என்னது தெரியுமா. அட்டைப்பெட்டி மேல பெரிசா எழுதியிருந்துது, கூடப் படம் வேற, ஒரு கிழவன் கெட்டிலை அமுக்குறான், ஊர்ல ஒரு பொண்ணு சிரிக்கிறா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவனா நான்?" "அது என் பேருக்கு வருதுன்னு..." "அவனா பாக்கப் போறான்? அவன் பொறந்தநாள் எதுன்னே அவனுக்கு நான்தான் சொல்லணும்." அவள் சிரித்துவிட்டாள், அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது, மூக்கால் விடுகிற அந்தக் காற்று, அதுதான் அவருடைய சிரிப்பு. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், ஏன் இப்போதெல்லாம் காலையில் ஒரு தடவையோடு நிறுத்திவிடுகிறீர்கள், தேநீர் குடிப்பதில்லையா என்று கேட்டாள், அப்பா என்ற சொல் அந்தக் கேள்விக்கு நடுவில் எங்கேயோ தானாக வந்து விழுந்துவிட்டது, விழுந்தபிறகுதான் அவளுக்கே கேட்டது, அவர் அதைக் கவனித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. "தேத்தண்ணி விட்டாச்சு. ராத்திரி தூக்கம் பிடிக்கல, டாக்டர் நிறுத்துன்னுட்டார், ரெண்டு வருஷமாச்சு. இப்ப பார்லித் தண்ணி, ஆற வைச்சுக் குடிக்கறது. அதுக்குக் கெட்டில் எதுக்கு?" "பின்ன காலைல...?" "அதுவா" என்றார். காக்கை மறுபடி கத்தியது. "அமுக்கினா கொஞ்சம் வெந்நீர் வரும். மீன் தட்டுக் கழுவ ஆகும், பிசுக்குப் போகும்." பிறகு, "நீ பாப்பேன்னுதான்" என்றார்.

எதற்காக என்று தெரிந்தே அமுக்கியிருக்கிறார், அவளுக்காக, ஒரு மடக்குக் கூடக் குடிக்காத வெந்நீரை. அவள்தான் அவரைக் காவல் காக்கிறாள் என்று நினைத்திருந்தாளே, ரயிலில் நின்றுகொண்டு, பல் தேய்த்துக்கொண்டு, பெரிய காவல். "நான் பாக்குறேனா இல்லையான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?" "தெரியாதுதான். அதுக்கென்ன." அதுக்கென்னவாம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள், இனி அந்த மெயிலை எங்கள் சர்வர் வாங்காது, விதிப்படி ஒவ்வொரு வரியையும் ஒழுங்காக முடிக்க வேண்டும், உங்கள் கெட்டிலுக்கு வரியை முடிக்கத் தெரியவில்லை, ஒரு குறியை விட்டுவிடுகிறது, திருடர்கள் புகுந்துவிடுவார்கள் என்று சொன்னாள், சொல்லச் சொல்ல எவ்வளவு அபத்தமாக இருந்தது, ஆனால் அவர் கவனமாகக் கேட்டார், பள்ளிச் சமையலறையில் கை கழுவும் விதியைப் பற்றி யாராவது சொன்னால் கேட்கிற மாதிரி. "விதின்னா விதிதான்" என்றார். "நாங்களும் கறிவேகிற சூட்டை அளந்து பாத்துத்தான் இறக்குவோம். ஒரு பிள்ளைக்கு வயித்தால போயிடுச்சுன்னா? நீ செய்யறது சரி. வரியை முடிக்காம விடுறது எங்க வீட்டுப் புத்தி, கெட்டிலுக்கும் ஒட்டிக்கிச்சு." நான் வேணுமானால் அவ்வப்போது ஃபோன் செய்யட்டுமா என்று கேட்டாள். "ஃபோனா..." என்று இழுத்தார், அந்த இழுப்பில் பாதித் தீவு தெரிந்தது. "ஃபோன்ல பேச என்ன இருக்கு. எனக்கு வராது அது." பிறகு, ஒரு கடைக்காரரிடம் நாளைக்குக் கடை உண்டா என்று விசாரிக்கிற தொனியில், "அப்ப நாளைக்குக் காலைல அமுக்கட்டுமா, வேண்டாமா?" என்றார்.

இதற்கு என்ன பதில், வேண்டாம் என்றால் முடிந்தது, அவர் காலையில் எழுந்து நடந்து வந்து அந்தக் கெட்டிலைத் தாண்டிப் போவார், அந்த இடத்தில் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. வேண்டும் என்றால் பொய், வாங்கமாட்டேன் என்று இப்போதுதானே சொன்னாள். "அமுக்குங்க" என்றாள். "உள்ள விடமாட்டேன். ஆனா வந்துதுன்னு எழுதி வைக்கும். திருப்பி அனுப்பினவங்களையும் எழுதி வைக்கணும்னு இருக்கு. அதுல நான் பாத்துக்கிறேன்." அவர் யோசித்தார். "வாசல் வரைக்கும் வந்தது தெரியும்ங்கறே." "தெரியும்." "அப்ப சரி. அது போதும்" என்றார், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி, முடிந்தது என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். மேலே போனாள், ஓகுசோனோ-சான் இன்னும் ஜன்னலோரம் நின்றுகொண்டு "புறா ஒண்ணு குறையுது" என்றார், அவள் முத்திரையை எடுத்து ஊதி, அழுத்திக் குத்தினாள், மாகினோ என்று சிவப்பாக, சாயாமல் விழுந்தது, அவர் பக்கத்தில் வந்து தன்னுடையதையும் குத்தினார், கொஞ்சம் சாய்வாக, எப்போதும்போல. நல்ல பதிப்பு, ஓட்டை இல்லாத பதிப்பு, அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதில் ஒன்றும் குறையில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பதிவு கைபேசிக்கு வராது, தன்னால் வந்து நிற்காது, யாராவது போய்த் திறந்து, குப்பைகளுக்கு நடுவே தேடினால்தான் உண்டு, நாளை காலை பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும், நாளைக்கு மட்டுமா, தினமும், தினமும் போய்ப் பார்க்க வேண்டும்... அப்படியானால் இத்தனை வருஷமும், அவர் எழுந்து வந்து அமுக்கி, அது கடல் தாண்டி வந்து அவள் கையிலேயே விழுந்துகொண்டிருந்த இத்தனை வருஷமும், அவர் இருக்கிறாரா என்று பார்ப்பதற்காக அவள் ஒரு எட்டு எடுத்து வைத்ததுண்டா என்று நினைத்துப் பார்த்தாள், நாளைக்கு எடுத்து வைப்பாளா, தினமும் எடுத்து வைப்பாளா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, கிழவர் அமுக்குவார், அது மட்டும் தெரியும்.